ஊர்திக்கும் ஒரு பாயிரம்

இற்றை நாளில் நம் மாணவ நண்பருட் பலர், இரவுணவு முடித்து விடுதி அறைக்கு மீண்டபின், பாடநூலை மடியில் விரித்து வைத்துக்கொண்டே கைப்பேசியில் பஸ் ஓட்டுகின்றனர் என்பது யாவரும் அறிந்ததே. அறியோம் என்பார் அறியாதார்போல் இருப்பவரேயாவர். ஓட்டுவாரை வைது எழுதுதல் நம் கருத்தன்று, நாமும் ஓட்டியவரே. அவர் ஓட்டும் அப் பஸ் யாரால் ஆக்கப்பட்டது, எவ்வழியாய் அவர் கைக்கு வந்தது, ஆக்கியவன் பெயர் எங்கே போயிற்று என்பனவே நாம் ஈண்டு ஆராயப் புகுந்தவை. தமிழ் ஆனர்ஸ் பயிலும் மாணாக்கர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று நகுவாரும் உளர். நன்னூற் பாயிரத்தைப் பாடம் கேட்ட பின்னரே இவ்விஷயம் நமக்குத் தெளிவாயிற்று என்பதை, அன்னோர் சிறிது பொறுத்துப் படிப்பாராயின் காண்பர்.

முதற்கண் விளையாட்டின் இயல்பைக் கூறுவாம். இந்தோனேசியா தேசத்து மாலியோ என்னும் நிறுவனத்தார் 2017-ஆம் ஆண்டில் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்னும் கைப்பேசி விளையாட்டை வெளியிட்டனர். தம் தேசத்துச் சாலைகளையும் பஸ்களையும் காட்டுதற்கே அதனை அவர் ஆக்கினர். அத்தேசத்துச் சிறுவர் சாலையோரம் நின்று, ஓட்டுநரை நோக்கி 'ஓம் தெலோலெத் ஓம்' என்று கூவிப் பலகுரல் ஹாரனை ஒலிக்கச் செய்யும் வேடிக்கை, 2016-ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் பேசப்பட்டது. அவ்வொலியும் இவ்விளையாட்டில் உண்டு. நம்மூர் ஏர்ஹாரனைக் கேட்டு வளர்ந்த செவிக்கு அஃது அயலாய்த் தோன்றாமையும் இவ்விளையாட்டு இங்கே வேரூன்றியதற்கு ஒரு காரணம் போலும். ஆயினும் அந்நிறுவனத்தார் செய்த பேருதவி வேறொன்று. ஆடுவோர் தாமே தீட்டிய வண்ணத்தைப் பஸ்ஸின்மேற் போர்த்தவும், தாமே வனைந்த ஊர்தியை விளையாட்டினுட் செலுத்தவும் அவர் வாயில் திறந்து வைத்தனர். வண்ணப் போர்வையை 'ஸ்கின்' என்றும் 'லிவரி' என்றும், புதிதாய் வனைந்த ஊர்தியை 'மோட்' என்றும் நம் இளைஞர் வழங்குவர். இவ்வாயில் வழியே நம் அரசுப் போக்குவரத்துக் கழகத்துப் பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஜாவாத் தீவின் சாலையில் ஓடலாயின. மலையாள நாட்டுச் சுற்றுலாப் பஸ்கள் தம் சித்திரவேலையோடு அங்கே நிரம்பின. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் வடக்கஞ்சேரியில் நேர்ந்த கொடிய விபத்தின்பின், கேரள அரசு சுற்றுலாப் பஸ்களுக்கு வெண்ணிறத்தைக் கட்டாயமாக்கிக் கடுமையாய் நடத்திற்று. அப்பொழுது சாலையில் அழிக்கப்பட்ட ஓவியங்கள் பல, சிறுவர் கைப்பேசியில் மட்டும் அழியாது நின்றன. விளையாட்டுப் பொருள் ஒரு நாட்டின் பழங்கணக்கைக் காத்து வைத்தமைக்கு இதனினும் சிறந்த சான்று நாம் கண்டதில்லை.

நாம் பிறந்து வளர்ந்தது கயத்தாறு. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மு தூக்கிலிடப்பட்ட ஊர் என்று பிறரும், காற்றாலைகள் சுழலும் ஊர் என்று பிரயாணிகளும் இதனை அறிவர். ஊரார் அறிந்த அடையாளம் வேறு. நான்குவழிச் சாலை வந்தபின், ஊருக்குள் வாராது புறவழியே விரையும் பஸ்கள் பலவாயின. திருநெல்வேலியிலேனும் கோவில்பட்டியிலேனும் படியிற் கால் வைக்கும்போதே, "கயத்தாறு நிக்காது, எறங்கு" என்னும் சொல்லைக் கேளாத கயத்தாற்றார் அரியர். நம் அன்னையார் கையில் மருந்துப் பையோடு அவ்வாறு இறக்கப்பட்டு, ஒன்றரை மணிநேரம் வெயிலில் நின்றதை நாம் கண்டிருக்கின்றோம். இதனை இங்கே கூறுவது வழக்குரைப்பதற்கன்று. எம்மூர்ச் சிறுவர் வனையும் பஸ் ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'வழி: கயத்தாறு' என்னும் பலகை தவறாது இருத்தற்கு ஏது இதுவென்று காட்டுதற்கே. அவர் ஓட்டும் தீவில் கயத்தாறு இல்லை. ஆயினும் பலகை உண்டு. கரிசற்காட்டு ஓரத்து ஊரொன்று தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளுதற்கு அகப்பட்ட இடம் அதுவாயிற்று.

ஒரு பஸ்ஸை வனைதல் எத்துணைப் பிரயாசை என்பதை ஓட்டுவோர் அறியார். 'பிளெண்டர்' என்னும் மென்பொருளே பெரும்பாலார்க்குக் கருவி. அதனை ஆக்கிய தோன் ரூசெண்டால் என்னும் டச்சுக்காரர், 2002-ஆம் ஆண்டில் உலகத்தாரிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி, முதலிட்டாரிடமிருந்து அதன் உரிமையை மீட்டு, யாவரும் விலையின்றிக் கொள்ளுமாறு பொதுவாக்கினார். அவர் அது செய்திலராயின் தீப்பெட்டித் தொழிலாளியின் மகன் அக்கருவியைக் கண்ணாலும் கண்டிரான். பஸ்ஸின் உடல் முழுதும் சிறு முக்கோணங்களால் ஆயது. அவற்றை ஒவ்வொன்றாய் இழைத்து, மேலே வண்ணப் படம் போர்த்தி, சக்கரம் சுழலும் அச்சையும் கதவு திறக்கும் கீலையும் இரவில் எரியும் விளக்கையும் தனித்தனியே பிரித்துப் பெயரிட்டு வைத்தல் வேண்டும். முக்கோணம் மிகுமாயின் விலை குறைந்த கைப்பேசி மூச்சுத் திணறும். குறையுமாயின் சக்கரம் அறுகோணமாய்த் தோன்றும். பவணந்தியார் எண்ணிய பத்துக் குற்றங்களுள் குன்றக்கூறலும் மிகைபடக்கூறலும் இங்கும் உள என்று நாம் அடிக்கடி எண்ணிச் சிரித்ததுண்டு.

நிற்க. நம் பிழையை ஒளியாது உரைத்தல் முறையாம். சென்ற கோடை விடுமுறையில் நாமும் நம் அறைத்தோழரும் ஐந்து வாரம் உழைத்துக் கோவில்பட்டி டவுன் பஸ் ஒன்றன் புறவுடலை வனைந்தோம். பஸ் நிலையத்தில் நின்று நிழற்படம் எடுத்ததும், சன்னற் கம்பிகளை எண்ணியதும், பின்னேணியின் படிகளைச் சாணளந்ததும் நம் உழைப்பே. உள்ளே இருக்கைகளும் ஸ்டியரிங்கும் ஓட்டுநர் முன்னுள்ள கருவிப்பலகையும் செய்வதற்குள் விடுமுறை கழிவதாயிற்று. அந்நிலையில், யாரோ ஒருவர் யாருக்கோ அனுப்பி, கைம்மாறிக் கைம்மாறி நம் கைக்கு வந்த வேறொரு பஸ்ஸின் உள்ளுறுப்புக்களைப் பெயர்த்தெடுத்து நம் பஸ்ஸினுள் வைத்தோம். அதனைத் திருட்டென்று அன்று எண்ணினோம் அல்லேம். சாலையோரத்து வேப்பங்குச்சியை ஒடிப்பார்போலவே எண்ணினோம். பின்பு இருவர் பெயரையும் பொறித்து, கணினிப் பந்தய விளையாட்டொன்றன் ஊர்திப் பதிவகத்தில் ஒப்படைத்தோம்.

ஆறாம் நாள் மறுமொழி வந்தது. காவலர் ஒருவர் இரண்டே வரி எழுதியிருந்தார். இருக்கையின் அடியில் பிறிதொருவர் பெயரின் முதலெழுத்துக்கள் உள. அவர் இசைவு எங்கே என்பது அதன் பொருள். நாம் போய்ப் பார்த்தோம். வண்ணத்தை நீக்கி எலும்புக்கூட்டை மட்டும் நோக்கினாலன்றிக் காணவொண்ணாத இடத்தில், முக்கோணங்களாலேயே இரண்டெழுத்துச் செதுக்கப்பட்டிருந்தது. தன் பெயரை எடுத்துவிடுவர் என்று முன்னரே அறிந்து ஒருவன் அதனை அங்கே மறைத்து வைத்திருக்கின்றான். அவ்வெழுத்துக்களைக் கண்டபொழுது நமக்குண்டான நாணத்தை இன்றும் மறக்கக் கூடவில்லை.

அவ்வெழுத்துக்களைக் கொண்டு அவரைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. சாத்தூர்ப் பக்கத்தவர், அச்சகம் ஒன்றில் வேலை செய்து, இரவில் மட்டும் வனைபவர். நாம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டோம். அவர் சினந்திலர். தம் பஸ் தம் பெயரின்றி ஏழெட்டிடத்தில் உலவுவதையும், ஓரிடத்தில் அதற்கு விலை கேட்பதையும் தாமே கண்டதாகக் கூறினார். "அண்ணே, நாங்க எடுத்தது தப்புதான்" என்றதற்கு, "எடுத்துக்கிடுங்க தம்பி, அதுக்குத்தான செஞ்சது. யாரு செஞ்சதுன்னு ஒரு வரி மட்டும் போட்டுருங்க" என்றார். நான்கு மாதத்து இரவுகளுக்கு அவர் கேட்ட கூலி ஒரு வரி.

அவ்வொரு வரியை நம் முன்னோர் பாயிரம் என்றனர். நூலொன்று அவையேறுமுன் ஆக்கியோன் பெயரும் வழியும் எல்லையும் நூற்பெயரும் யாப்பும் நுதலிய பொருளும் கேட்போரும் பயனும் ஆகிய எட்டும் விளங்கவேண்டும் என்பது நன்னூலார் துணிபு. பதிவகத்தின் விண்ணப்பத் தாளை மீண்டும் படித்தபோது, அதுவும் ஏறக்குறைய இவற்றையே கேட்பது கண்டு வியந்தோம். விளையாட்டின் எந்தப் பதிப்புவரை இவ்வூர்தி ஓடும் என்பது எல்லையன்றோ? எத்தகைய கணினி உடையார்க்கு இஃது ஏற்கும் என்பது கேட்போர் அன்றோ? இவற்றுள் நம் இளைஞர் கூசாது விட்டுவிடுவது 'வழி' ஒன்றே. யாதொன்றிலிருந்து இது பிறந்தது என்று கூறுதல் இழிவென்று அவர் கருதுகின்றனர். தமிழ் மரபு அவ்வாறு கருதிற்றில்லை. முதனூலும் வழிநூலும் சார்புநூலும் மூன்றும் நூலே. வழிநூலை நால்வகைப்படுத்திய தொல்காப்பியனார் மொழிபெயர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். ஒரு விளையாட்டின் ஊர்தியை மற்றொரு விளையாட்டின் இலக்கணத்திற்கு மாற்றியமைப்பது மொழிபெயர்ப்பையே ஒக்கும். வழிநூல் செய்தான் என்று எவரும் நகையார். வழிநூலை முதனூல் என்று அவையில் வைத்தவனையே அவையார் நகுவர்.

அவையாவது அரங்கேற்றக் களம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்ப அரங்கேறியதென்று அதன் சிறப்புப் பாயிரம் கூறும். இன்று பஸ் மோட்களுக்கு அத்தகைய ஆசான் பெரும்பாலும் இல்லை. ஆக்கியவன் ஒரு தொடுப்பை வெளியிடுவான். அதனைப் பத்துப்பேர் தம் பக்கத்தில் மறுபடி ஏற்றுவர். இடையே விளம்பரப் பக்கங்கள் நான்கைக் கடந்தாலன்றிக் கோப்புக் கிட்டாது. கிட்டிய கோப்போடு வேண்டாத பிறவும் வந்து கைப்பேசியிற் குடியேறும். சிலர் கடவுச்சொல் இட்டுப் பூட்டுவர். பூட்டை உடைப்பதற்கென்றே வேறு சிலர் உளர். திறமையிற் குறைவில்லாத நம் பிள்ளைகள் இச்சந்தடியில் பெயரின்றித் தேய்வதைக் காண்கின்றோம்.

அவையுள்ள இடங்களும் இல்லாமற் போகவில்லை. ஜெர்மனி தேசத்துப் பிரேமன் நகரிலிருந்து 2013-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் 'பீம்என்ஜி' என்னும் ஊர்தி விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் வண்டியின் உடல் முழுதும் கணுக்களும் அவற்றை இணைக்கும் சட்டங்களுமாய்க் கணிக்கப்படுதலின், மோதினால் மெய்யாகவே நெளியும். பனைமரத்தில் மோதிய வேனும் பாலத்தில் மோதிய வேனும் வெவ்வேறு விதமாய் நசுங்கும். அவ்விளையாட்டிற்கெனத் தனிப் பதிவகம் உண்டு. ஆடுவோர் வனைந்த ஊர்திகளை அங்கே ஒப்படைத்தால், காவலர் சோதித்த பின்னரே பிறர்க்குக் கிட்டும். பிற விளையாட்டினின்று இசைவின்றிப் பெயர்த்தவை தள்ளப்படும். 'சூப்பர்டக்ஸ்கார்ட்' என்னும் கட்டற்ற பந்தய விளையாட்டு பாவனையன்று, வேடிக்கையே. 2000-ஆம் ஆண்டில் தோன்றிய 'டக்ஸ்கார்ட்' என்பதன் வழிவந்தது. ஆயினும் ஒப்படைப்பதில் அதன் நியமம் பின்னும் கண்டிப்பானது. ஊர்தியின் ஒவ்வொரு படத்திற்கும் ஒலிக்கும் ஆக்கியோன் யார், எவ்வுரிமத்தில் அளித்தான் என்று எழுதிய சீட்டு உடன் இருத்தல் வேண்டும். பிறர் திருத்தவும் பரப்பவும் இடங்கொடாத உரிமம் ஏற்கப்படாது. அச்சீட்டே பாயிரம். இத்தகைய அவைகளிற் பயின்றோர் எங்கே சென்றனர் என்று கேட்பார்க்கு ஒன்று கூறுவாம். ஸ்வீடன் தேசத்துச் சிம்பின் குழுவினர் முதலில், பிறர் வெளியிட்ட 'எப்1 2002' என்னும் பந்தய விளையாட்டிற்கு மோட் செய்த நண்பர் கூட்டமே. பின்பு நிறுவனமாகி 'ஜிடிஆர்' என்னும் தம் விளையாட்டையே வெளியிட்டனர். பெயர் நிலைத்தமையால் அன்றோ அவரை நாடி வாய்ப்பு வந்தது? இரண்டெழுத்தை இருக்கையின் அடியில் ஒளித்து வைப்பவனை எவன் நாடுவான்?

இதற்குத் தடை சொல்வார் சொல்வதையும் கேட்டோம். "அந்தப் பஸ்ஸே சாலையில் ஓடும் பஸ்ஸைப் பார்த்துச் செய்தது. அதற்குக் கூடு கட்டிய கரூர்த் தொழிலாளியிடம் எவன் இசைவு கேட்டான்? கேளாதவன் தன் பெயரை எடுத்துவிட்டார் என்று அழுவானேன்?" என்று நம் விடுதித் தோழர் ஒருவர் வினவினார். கூரிய வினாவே. ஊர்தி நிறுவனத்தார் தம் பெயரையும் வடிவையும் காத்துக்கொள்வதும் உண்டு. போர்ஷே கார்களைத் தம் விளையாட்டிற் காட்டும் தனியுரிமை நெடுங்காலம், 2016 முடியும் வரையில், ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆதலின் பிற விளையாட்டுக்காரர் பலர் ரூப் என்னும் வேறு பெயருள்ள கார்களைக் காட்டி அமைய வேண்டியதாயிற்று. அந்த வழக்கு நிறுவனங்களுக்குள்ளது. அதனுள் நாம் புகேம். தோழர்க்கு நாம் கூறும் விடை இது. பொதியின்மலையைப் பாடினோர் பலர். அவருள் ஒருவரையும் மற்றொருவர் கள்வர் என்றிலர். மலையைத் தன் கண்ணாற் கண்டு தன் சொல்லாற் பாடுவது வேறு. பிறன் பாடிய செய்யுளில் ஈற்றடியைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரை எழுதுவது வேறு. பஸ் நிலையத்தில் நின்று சன்னற் கம்பியை எண்ணியவன் முதல்வகையினன். கோப்பைப் பெயர்த்த நாம் இரண்டாம் வகையினேம்.

விலை பெறுதல் தகுமோ என்பது இன்னொரு வினா. 2015-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் வால்வ், பெதஸ்தா என்னும் இரு அமெரிக்க நிறுவனத்தார், 'ஸ்கைரிம்' என்னும் விளையாட்டின் மோட்களை விலைக்கு விற்க வழிசெய்து, விலையில் நூற்றுக்கு 25 பங்கு ஆக்கியோனுக்கு என்றனர். கூக்குரல் எழுந்து, நான்கே நாளில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அக்கூக்குரல் முழுவதும் நியாயம் என்று நாம் கருதவில்லை. உழைத்தவன் கூலி கேட்பது பாவமன்று. ஆனால் ஒரு மோட்டினுள் நாலுபேர் கைவேலை கலந்திருக்குமாயின், எவன் பங்கு எவ்வளவு என்று அளக்கும் மரக்கால் எங்கே உள்ளது? முதலில் நாலு பெயரும் எழுதப்படட்டும், பங்கு பின்னர்.

பதிவகங்களிலும் குறையுண்டு. விண்ணப்பத் தாள் ஆங்கிலத்தில் உள்ளது. சோதிக்கும் காவலர் நம் பஸ்ஸைக் கண்டறியார். பின்னேணி எதற்கு என்று அவர் கேட்டால், கூரைமேற் கீரைக்கட்டும் கோழிக்கூடையும் ஏறும் வரலாற்றை எழுதவேண்டும். அதற்கு ஆங்கிலம் போதாமையாலேயே பலர் ஒப்படைக்காது நின்றுவிடுகின்றனர். இவ்விடத்தில் நம் கல்லூரி மாணவர்க்கு ஒரு பணி உண்டென்று நினைக்கின்றோம். கணிதம் பயில்வோர் முக்கோணத்தைக் கவனிக்கட்டும்; ஆங்கிலம் பயில்வோர் தாளை நிரப்பித் தரட்டும்; தமிழ் பயில்வோர் ஊர்தி தோறும் ஒரு சிறு பாயிரம், எந்தத் தடத்துப் பஸ், எவ்வாண்டில் ஓடியது, எந்த உறுப்பு யார் கைவேலை என்று, தமிழிலேயே எழுதி உடன் வைக்கட்டும். தன்னைத் தான் புகழ்தல் தகாதாகையால் சிறப்புப் பாயிரம் பிறர் செய்தற்குரியது என்னும் விதிக்கும் இஃது இயைந்ததே. மாலை வேளையில் நம் கணினிக்கூடத்தில் இரண்டு கணினி இதற்கெனக் கிடைக்குமாயின், சென்ற ஆண்டு நமக்கு நேர்ந்த தலைகுனிவு பின்வரும் தம்பியர்க்கு நேராது.

அந்த டவுன் பஸ்ஸை நாம் திரும்ப ஒப்படைக்கவில்லை. சாத்தூர் அண்ணன் இசைந்தும் மனம் ஒப்பவில்லை. வேறொன்று தொடங்கினோம். எம் பக்கத்தில் கொடைவிழாத்தோறும் மாட்டுவண்டிப் பந்தயம் நடப்பதுண்டு. பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று மாட்டைப் பார்த்து வகை பிரித்து, பெயர் பதிந்த பின்னரே வண்டியை விடுவர். அப் பந்தய வண்டியைக் கட்டற்ற விளையாட்டிற்கு வனையக் கருதி, சிற்றப்பா வீட்டுத் தொழுவில் கிடந்த பழைய பாரவண்டிச் சக்கரத்தை முதலில் அளந்தோம். வட்டை ஆறு, வட்டைக்கு இரண்டாக ஆரக்கால் பன்னிரண்டு, நடுவே குடம். அதனைச் செய்த தச்சாசாரியார் எழுபது வயதைக் கடந்தவர். இன்றும் எம்மூரிலேயே இருக்கின்றார். பந்தய வண்டிக்கு எடை எங்கே குறைய வேண்டும், ஏர்க்கால் எவ்வளவு நீள வேண்டும் என்று தரையில் விரலாற் கீறிக் காட்டினார். அவ்விளையாட்டு நான்கு சக்கர ஊர்தியை மனத்திற்கொண்டு அமைந்தது. நம் வண்டிக்கோ இரண்டே சக்கரமும் எட்டுக் காலும். காளைகளின் கால் நிலத்திற் பதியாமல் மிதந்துகொண்டிருக்கின்றது. இரண்டு மாதமாய் அதனோடு போராடுகின்றோம்.

உரிமச் சீட்டை மட்டும் முன்னரே எழுதி முடித்தோம். பந்தயத்தில் ஒலிபெருக்கியில் மாட்டுக்கு உடையார் பெயரும் ஊரும் கூறுவர். சாரதி பெயரும் துணைச்சாரதி பெயரும் கூறுவர். வண்டி செய்தவர் பெயரைக் கூறக் கேட்டதில்லை. ஆக்கியோன் பெயர் என்னுமிடத்தில் நம் இருவர் பெயரையும் எழுதினோம். வழி என்னுமிடத்தில் ஆசாரியார் பெயரை எழுதி, சென்ற ஞாயிறன்று அவரிடம் படித்துக் காட்டினோம். அவர் கேட்டுவிட்டு, "எங்க அய்யா பேரையும் போடு, அளவு அவரு சொன்னது" என்றார். போட்டிருக்கின்றோம்.